பீரங்கியா, ராக்கெட்டா?

போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டி.வி.யில் உக்ரைன் யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, நீங்க பீரங்கிப் படையிலதான இருந்தீங்க? இனிமே எல்லாம் ராக்கெட்டுதான்னு சொல்றாங்களே. அவ்வளவு கனத்த பீரங்கிய எதுக்கு இன்னும் இழுத்துக்கிட்டு அலையணும்?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அவனிடம் சொன்னதையும் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு 1799லேயே நம்ம நாட்டில் ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. திப்பு சுல்தானிடம் ராக்கெட் படை இருந்தது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, நீளமான மூங்கில் கழியோடு சேர்த்துக் கட்டி விடுவார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி ராத்திரி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில், ராக்கெட்டும் துப்பாக்கியும் சேர்ந்து வெள்ளைக்காரப் படையைச் சிதற அடித்தன. அன்று தடுமாறித் திரும்பியவர் ஆர்தர் வெல்லஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே ஆள்தான். ஆனால் மே 2ஆம் தேதி கம்பெனிப் பீரங்கிக் குண்டு ஒன்று கோட்டைக்குள் ராக்கெட் வைத்திருந்த கிடங்கில் விழுந்து வெடித்தது. கோட்டைச் சுவரில் வழி திறந்ததும் பீரங்கிகள்தான். மே 4இல் எல்லாம் முடிந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து யுத்தம் நம்ம கரிசலுக்கு வந்தது. செப்டம்பர் 5ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கனமான பீரங்கிகள் கையில் இல்லாமல், வாசலை உடைத்து நுழைந்துவிடலாம் என்று நினைத்து, ஆள்களைப் பறிகொடுத்துப் பின்வாங்கினார். பெரிய பீரங்கிகளுக்காக அவர் காத்திருந்தபோதுதான் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.

அதைவிட 1801தான் எனக்குப் பெரிசாகப்படுகிறது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துத் தள்ளியிருந்த கோட்டையைச் சில நாளிலேயே திரும்ப எழுப்பிவிட்டார். வெறும் மண்சுவர். மார்ச் 31இல் கம்பெனிப் படை மோதித் தோற்றது. கருங்கல் சுவர் என்றால் அடி விழ விழ விரிசல் விட்டுச் சரியும். நம்ம மண்சுவரோ சின்னக் குண்டுகளை விழுங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். கூடுதல் படையும் கனமான பீரங்கிகளும் வந்த பிறகுதான், மே 24இல், கோட்டை விழுந்தது. அந்தச் சுவர் முன்னால் ஆயிரம் ராக்கெட் விட்டிருந்தாலும் ஓலைக்கூரைகள்தான் எரிந்திருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? சிவகாசி பக்கத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தீபாவளிக்குப் பாட்டிலில் வைத்து ராக்கெட் விடுகிறோம். பாட்டில் உடைவதில்லை, ஏனென்றால் ராக்கெட் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் தாங்குகிற வண்டி லேசாக இருந்தால் போதும், ஒரே வண்டியில் நாற்பது குழாய் வைக்கலாம். ஆனால் கிளம்பும்போது வேகம் கம்மி. காற்று கொஞ்சம் அடித்தாலும் மூக்கைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டு வைக்கோல்படப்பில் போய் விழுகிறது. கோயில் கொடையில் போடுகிற வேட்டு வேறு ஜாதி. மருந்தின் வேகம் முழுவதையும் குழாய் தாங்குகிறது. பீரங்கியும் அப்படித்தான். அதனால்தான் அத்தனை கனம், ஆனால் குண்டு வாயைவிட்டுக் கிளம்பும்போதே முழு வேகத்தில் போகும். போன குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து அடுத்ததைத் திருத்தலாம்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் ரெஜிமெண்டுக்கு வந்தது போபர்ஸ் பீரங்கி. 155 மில்லிமீட்டர். ஸ்வீடனிடம் 410 வாங்க 1986இல் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருஷமே கமிஷன் விவகாரம் வெடித்துவிட்டது. நான் லீவில் ஊருக்கு வந்தால், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நிற்கிற சொந்தக்காரப் பெரியவர்களே, "என்ன மாப்ள, ஒனக்கு எம்புட்டு பங்கு கெடச்சது?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன், உள்ளுக்குள் எரியும். பீரங்கி என்ன பாவம் செய்தது?

பதில் 1999இல் திராஸ் பள்ளத்தாக்கில் கிடைத்தது. எங்களுக்கு மேலே, பதினாறாயிரம் அடி உச்சியில், கல்லடுக்கிப் பதுங்கி எதிரி உட்கார்ந்திருந்தான். நம் காலாட்படைப் பையன்கள் ராத்திரியில் பாறையைப் பிடித்து ஏறினார்கள். அவர்கள் ஏறுகிற நேரம் முழுவதும் எதிரியின் தலை எழும்பாமல் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். குண்டு ஒன்று நாற்பத்து மூன்று கிலோ. மெல்லிய காற்றில் அது கீழே சுடுவதைவிட அதிக தூரம் போகும், கணக்கு முழுவதும் மாறும்.

நான் ஒரு பீரங்கிக்குப் பொறுப்பான ஹவில்தார். ஒரு ராத்திரி வயர்லெஸில் மேலே இருந்த அப்சர்வர் அதிகாரி குரல் வந்தது. நம்ம ஆள்கள் பாறைக்கு இந்தப் பக்கம், எதிரி அந்தப் பக்கம், நடுவில் அதிக இடமில்லை, ஒவ்வொன்றாக விடு என்றார். ஒன்று விட்டோம். "ஐம்பது கூட்டு" என்றார். கூட்டினோம். அடுத்தது சரியாக விழுந்தது. சுடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நான் அளவை இரண்டு முறை பார்த்தேன். கை நடுங்கியது குளிரால் மட்டுமில்லை.

அங்கே ராக்கெட் வண்டிகளும் இருந்தன. ரஷ்யாவின் கிராட். அந்தப் பேருக்கு ஆலங்கட்டி மழை என்று அர்த்தம். நாற்பது ராக்கெட்டும் இருபது விநாடியில் போய்விடும். ஜூலை 4இல் டைகர் ஹில்லைப் பிடிப்பதற்கு முன்னால் அவற்றையும் சேர்த்துத்தான் மலையை அடித்தார்கள். தேடித் தேடி ஒவ்வொருவனாக அடிக்க நேரமில்லாத இடத்தில், ஒரு பரப்பு முழுவதையும் ஒரே மூச்சில் உலுக்குவதற்கு அதற்கு நிகர் கிடையாது. ஆனால் மழையைப் பார்த்து, இந்தப் பையன்மேல் மட்டும் விழாதே என்று சொல்ல முடியுமா? நம்ம ஆள் பக்கத்தில் போய்விட்டால் அதை நிறுத்திவிடுவார்கள். எங்களை நிறுத்தமாட்டார்கள். சுட்டவுடன் புகையும் நெருப்பும் ராக்கெட் வண்டி இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், உடனே இடம் மாற வேண்டும். திரும்பக் குழாய்களை நிரப்ப நேரம் பிடிக்கும்.

2022இல் திராஸில் 5140 என்ற உச்சிக்கு 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். பேப்பரில் படித்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் இடது காது அந்த வருஷத்தோடு போனது அவளுக்குத்தான் தெரியும், முப்பது தடவை கூப்பிட வேண்டியிருக்கிறதே.

போபர்ஸ் விவகாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் ராணுவத்துக்குப் புதிதாகப் பெரிய பீரங்கி வாங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எம்-777உம் கே-9 வஜ்ராவும் 2018இல்தான் வந்தன. அந்த இடைவெளியில் நம் ஆள்களே செய்த பினாகா ராக்கெட் வளர்ந்துவிட்டது. பன்னிரண்டு ராக்கெட், நாற்பத்து நான்கு விநாடி. கார்கிலிலேயே அதை முயன்று பார்த்தார்கள். எது தேவை என்று பீரங்கிக்காரனைக் கேட்டு எடுத்த முடிவாக எனக்குத் தெரியவில்லை. எதை வாங்கினால் வம்பு வராது என்று பார்த்த மாதிரிதான் இருந்தது.

அந்தத் தம்பி விடவில்லை. "இப்பத்தான் வழிகாட்டி வச்ச ராக்கெட் வந்திருச்சே அண்ணாச்சி, குறி தப்பாதாமே" என்றான். உண்மைதான். உக்ரைனில் 2022இல் வந்த ஹைமார்ஸ், எதிரியின் வெடிமருந்துக் கிடங்குகளைத் தூரத்திலிருந்து தேடி அடித்தது. பினாகாவிலும் அப்படி ஒரு வகை வந்துவிட்டது. காற்றுக்குத் திரும்புகிற பழைய குறையை அது போக்கிவிட்டது என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு ராக்கெட்டின் விலைக்கு எத்தனையோ பீரங்கிக் குண்டு வாங்கலாம். அதே உக்ரைனில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் சுட்டது பீரங்கிக் குண்டுதான். அது தீர்ந்துவிடுமோ என்றுதான் பெரிய நாடுகளே கவலைப்பட்டன.

"அப்ப ரெண்டும் வேணும்ங்கிறீங்க" என்றான்.

"நீ பாறைக்குக் கீழ ஏறிக்கிட்டிருந்தா எது வேணும்னு கேப்ப?" என்றேன். கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.