இறுதிப் போரும் கேட்போர் யூகமும்

வீரகதையொன்றின் இறுதிப் போர் எவ்வாறு முடியும் என்று ரசிகர்கள் முன்கூட்டியே யூகிப்பதையும், முடிந்தபின் அம்முடிவோடு வழக்காடுவதையும் வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவது அறிவுலக வழக்கம். அவ்வழக்கம் பிழையென்பதும், அத்தகைய யூகம் கதை தந்த வாக்குறுதிகளுக்குக் கணக்குக் கேட்கும் விமர்சனமே என்பதும் என் துணிபு.

வாகனங்களும் கைக்கடிகாரங்களும் உற்பத்தியாகும் ஓசூரையும் தன்னுள் கொண்ட கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திரௌபதியம்மன் விழாக்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நாள்தோறும் நடந்து, பதினெட்டாம் போரை அடுத்துப் படுகளத்தில் பூர்த்தியாகின்றன. மண்ணால் சமைத்த துரியோதனன் பேருருவம் தரையில் கிடக்க, பீம வேடதாரி அதன் தொடையைப் பிளக்க, அவிழ்ந்து கிடந்த கூந்தலைத் திரௌபதி முடிக்கிறாள். இம்முடிவை அறியாதவர் அக்கூட்டத்தில் இரார். ஆயினும், நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்ற கதாயுத்த விதியை மீறியது தர்மமா, அதுகண்டு பலராமன் சினந்தது நியாயமா, கர்ணன் தன் பிறப்பை அறிந்தவுடனே பாண்டவர் பக்கம் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினாக்கள் பாரதம் கேட்பாரிடம் ஓய்ந்ததில்லை. விதிமீறலை அவர்கள் ஏற்கிறார்களெனில், சூதாட்ட மண்டபத்தில் உரைத்த சபதம் இங்கே நிறைவேறுவதே அதற்குக் காரணம். பிரதிக்ஞை தீராத வெற்றி அவர்களுக்கு வெற்றியாகாது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் விண்வெளிக் கதைவிளையாட்டின் மூன்று பாகங்களையும் இந்த அளவுகோலால் நோக்கலாம். தளபதி ஷெப்பர்டாக நடிக்கும் ஆட்டக்காரர் யாரைக் காத்தார், யாரைக் கைவிட்டார் என்பதையெல்லாம் ஒரு பாகத்திலிருந்து மற்றொன்றுக்குச் சுமந்து செல்லும் ஏற்பாடே அதன் தனிப்பெருமை. இரண்டாம் பாகத்தின் இறுதிப் படையெடுப்பில், ஒவ்வொரு தோழரின் விசுவாசத்தையும் அவருக்கு ஒப்படைத்த பணியையும் பொறுத்தே அவர் பிழைப்பதும் மடிவதும் அமைந்தன. ஆகவே மூன்றாம் பாகத்தில் எதிரிகளான ரீப்பர்களோடு நிகழும் போரிலும் ஒவ்வொரு செய்கைக்கும் பலன் காணலாமென்று ரசிகர்கள் யூகித்தது இயல்பே. வந்ததோ வேறு: திரட்டிய படைகள் யாவும் ஓர் எண்ணாகச் சுருங்கி, முடிவில் சிவப்பு, நீலம், பச்சை என நிறத்தால் மட்டுமே பெரிதும் வேறுபட்ட மூன்று காட்சிகள் நின்றன. அப்போது, ஷெப்பர்டின் மனத்தை ரீப்பர்கள் வசப்படுத்திக்கொண்டனர், இறுதிக் காட்சிகள் அவர் மயக்கத்தில் கண்டவையே என்றொரு சித்தாந்தத்தை ரசிகர்கள் கட்டினர். ஆசிரியரின் உள்ளக் கருத்து அதுவென நான் ஏற்கவில்லை. ஆயினும் தீராத சபதத்தைத் தாமே தீர்க்க முயன்ற வாசிப்பென்ற வகையில் அதை மதிக்கிறேன். 2012 ஜூன் மாதத்தில் நிறுவனமே விரிவாக்கிய முடிவொன்றை விலையின்றி வெளியிட்டு அவ்வழக்கின் நியாயத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது.

முடிவு போதாதென்று உணர்ந்து அதை நீட்டுவது தமிழுக்கும் புதிதன்று. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைச் சௌப்திக பருவத்தோடு, அதாவது பதினெட்டாம் நாளின் இரவோடு, நிறுத்தினார். போருக்குப் பின் எஞ்சியோர் கதியை அறியும் வேட்கைக்கு 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் பாடி விடையளித்தார்.

கூத்தின் பாட்டையும் அடவையும் பதிவு செய்யும் நம் ஆராய்ச்சியாளர், படுகளத்துக்கு முன்னும் பின்னும் கேட்போர் எழுப்பும் வாதங்களையும் அதே சிரத்தையோடு எழுதிவைக்க வேண்டும். ஆலைப் பணிக்கும் விழாவுக்கும் இடையே நாளைப் பங்கிடும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அப்பணியைத் தொடங்கலாம்.