மூங்கிலுப்பு முதல் கூனிமேட்டு மண் வரை: படிக உருவற்ற சிலிக்காவை அளவிட்ட வரலாறு

மூங்கிலின் உட்புழையில் உறையும் வெண்ணிறப் பொருளுக்குத் தமிழ் மருத்துவ வழக்கில் மூங்கிலுப்பு என்று பெயர். விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸ்ஸல், 1790இல் இலண்டன் அரச கழகத்துக்கு இப்பொருள் பற்றிய கட்டுரையை அளித்தபோது அதன் தமிழ்ப் பெயரையும் குறித்துள்ளார். அவர்வழி வந்த மாதிரிகளை ஜேம்ஸ் மேசி 1791இல் பகுப்பாய்வு செய்தார். (பின்னாளில் ஸ்மித்சன் எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் இவர், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இவரது உயில்வழித் தோன்றியது.) அப்பொருள் நீரில் கரையவில்லை, அமிலங்களாலும் மாறவில்லை, காரக் கரைசலில் கரைந்தது. பெயரில் உப்பு இருப்பினும் அது சிலிக்காவே என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

படிக உருவற்ற சிலிக்காவை அளவிடும் இன்றைய வேதியியல் முறைகள் பெரும்பாலும் இக்காரக் கரைதிறனையே அடிப்படையாகக் கொண்டவை. தாவரத்தில் சிக்கல் குறைவு. 1991இல் எலியட், ஸ்னைடர் ஆகியோர் நெல் வைக்கோலைக் காரக் கரைசலுடன் அழுத்தக் கலனில் சூடாக்கி, கரைந்த சிலிக்காவை மாலிப்டேட் தரும் நிறத்தைக் கொண்டு அளந்தனர்.

மண்ணின் நிலை வேறு. மணலிலுள்ள குவார்ட்சு எளிதில் கரைவதில்லை. ஆனால் களிமண் கனிமங்கள் காரத்தில் மெல்லக் கரைந்து சிலிக்காவை வெளிவிடும். 1981இல் டிமாஸ்டர் கடலடிப் படிவுகளுக்காக இதற்கொரு வழி கண்டார். மாதிரியை ஒரு விழுக்காட்டுச் சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் 85 பாகை செல்சியசில் வைத்து, சில மணி நேர இடைவெளிகளில் கரைசலை எடுத்து அளந்தார். படிக உருவற்ற சிலிக்கா முதல் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். அதன்பின் வரைபடத்தில் தோன்றும் சீரான ஏற்றம் கனிமங்களுடையது. அந்நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டித் தொடக்க நேரத்தில் அது காட்டும் அளவையே விடையாகக் கொள்வர்.

மண்ணாய்வாளர்கள் இம்முறையை எடுத்துக்கொண்டபோது கடற்படிவுக்குரிய கருதுகோள்களும் உடன்வந்தன. மண்ணில் நெடுங்காலம் கிடந்த தாவரக்கற்கள் புதியவற்றைப்போல் விரைந்து கரைவதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளரும் பங்கேற்று, 2014இல் ஜியோடெர்மா இதழில் வெளிவந்த ஆய்வு, தாவரக்கல் அளவீட்டுக்கு இம்முறை எந்த அளவு பொருந்தும் என்பதையே சோதித்தது.

புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கூனிமேட்டுக் கடற்கரையில் இவ்வினா கூர்மை பெறுகிறது. கூனிமேடு, மரக்காணம் பகுதியில் உப்பளங்களும் கழுவேலி ஈரநிலமும் நெல்வயல்களும் அருகருகே அமைந்துள்ளன. முற்காலத்தில் நெல் எதுவரை விளைந்தது என்பதற்கு மண்ணில் எஞ்சிய நெல்லின் சிலிக்கா சான்றாகக்கூடும். ஆனால் உவர்நீரில் வாழும் டயாட்டங்களின் ஓடும் அதே வகைச் சிலிக்காவாகும். காரம் இரண்டையும் வேறுபடுத்தாது. ஆய்வகம் தந்த உயர்ந்த எண்ணை மட்டும் கொண்டு வயலின் எல்லையை வரைவது பிழை. தாவரக்கற்களை அடர்நீர்மத்தில் மிதக்கவிட்டுப் பிரித்து, நெல்லிலையின் விசிறி வடிவச் செல்களையும் உமியின் இருமுகட்டுச் செல்களையும் நுண்ணோக்கியில் எண்ணியாக வேண்டும்.

எடையிடுவதிலும் கவனம் வேண்டும். உப்பளத்து மண்ணைக் கழுவாமல் நிறுத்தால் உப்பின் எடையும் மண்ணின் எடையாகச் சேர்ந்து, சிலிக்காவின் விழுக்காடு குறைந்து தோன்றும். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிய பின்னரே மாதிரியை உலர்த்தி நிறுக்க வேண்டும்; அலசும்போது நுண்ணிய ஓடுகள் நீரோடு போய்விடாதவாறு ஒவ்வொரு முறையும் மையவிலக்கியில் சுழற்றிப் படியவிட வேண்டும்.