மரண நினைவு

தேரவாத பௌத்தத்தில் சாவைத் திரும்பத் திரும்ப மனத்தில் நிறுத்திப் பழகும் தியான முறை மரண நினைவு. பாலியில் மரணஸ்ஸதி எனப்படும். மூப்பு, பிணி, சாக்காடு, பிரிவு, தன் வினை ஆகிய ஐந்தையும் துறவியர் மட்டுமன்றி இல்லறத்து ஆணும் பெண்ணும் அடிக்கடி எண்ண வேண்டும் என்கிறது அங்குத்தர நிகாயம் என்னும் பாலி நூல்.

அந்நூலில் மரணஸ்ஸதி சுத்தம் என்ற பெயரில் பல உரைகள் உண்டு. அவற்றுள் ஒன்று நாதிகம் என்னும் ஊரின் செங்கல் மண்டபத்தில் நிகழ்கிறது. சாவை எவ்வாறு நினைக்கிறீர்கள் என்று புத்தர் கேட்கிறார். இன்னும் ஓர் இரவும் பகலும் இருந்தால் போதும் என்கிறார் ஒரு பிக்கு. ஒரு பகல், ஒரு வேளை உண்ணும் நேரம், நாலைந்து கவளம் மெல்லும் நேரம் என்று மற்றவர்கள் குறைத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு கவளம், ஒரு மூச்சு என்று சொன்ன கடைசி இருவரையே புத்தர் விழிப்புள்ளவர்களாக ஏற்கிறார்.

இப்பயிற்சியை முறைப்படுத்தியவர் புத்தகோசர். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் அவர் இயற்றிய விசுத்திமக்கம், 40 தியானப் பொருள்களுள் ஒன்றாக இதனை வைத்து எட்டு வழிகளைக் கூறுகிறது: வாளோங்கி நிற்கும் கொலையாளியாகச் சாவைக் காணல், செழிப்பெல்லாம் அழிவில் முடிவதை எண்ணல், பிறரோடு தன்னை ஒப்பிடல், புழு முதலிய பல உயிர்களுக்கும் உடல் பொது என்று உணர்தல், உயிரின் நொய்ம்மை, சாவின் காலமும் இடமும் முன்னறிய முடியாமை, வாழ்நாளின் குறுமை, உயிர் கணப்பொழுதே என்பது. ஒப்பிடல் மட்டும் ஏழு படிகளாக விரிகிறது: புகழ், புண்ணியம், உடல்வலிமை, சித்தி, அறிவு ஆகியவற்றில் மிக்கவர்கள், தாமே ஞானம் பெற்றும் பிறருக்குப் போதிக்காத பச்சேக புத்தர்கள், இறுதியில் புத்தர்களே. அவர்களும் மாண்டார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

வகைப்பாட்டைவிட அவர் தரும் எச்சரிக்கையே கூர்மையானது. வேண்டியவர் சாவை எண்ணினால் துயரம், பகைவர் சாவை எண்ணினால் மகிழ்ச்சி, தன் சாவை எண்ணினால் அச்சம் எழும். யாரோ ஒருவர் சாவை எண்ணினாலோ பிணம் சுடுபவனுக்குப் போல எதுவுமே தோன்றாது. இந்த நான்கும் பயிற்சி ஆகா.

இத்தகைய தியானம் அளவு மீறினால் ஆபத்து என்பதையும் பழைய நூல்கள் ஒளிக்கவில்லை. வைசாலியில் உடலின் அருவருப்பைத் தியானித்த பிக்குகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். புத்தர் அதன்பின் மூச்சுத் தியானத்தைக் கற்பித்தார், மனிதக் கொலையை விலக்கும் விதியும் பிறந்தது என்கிறது துறவியர் விதிநூலான விநயம்.

தமிழில் இக்கருத்துக்குச் சிறந்த சான்று மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகார்ச் சுடுகாட்டில் அஞ்சி மாண்ட சார்ங்கலனின் தாய் கோதமை, மகன் உயிரை மீட்டுத் தரச் சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். எத்தேவராலும் ஆகாது என்பதே விடை. இது, மாண்ட மகனை மீட்கப் புத்தரை நாடிய தாய் கிசா கோதமியின் கதைக்குத் தமிழ் வடிவம். ஆனால் கிசா கோதமி பிக்குணி ஆனாள்; கோதமையோ மகனை ஈமத்தில் ஏற்றித் தானும் மாண்டாள்.

இன்று இலங்கைச் சிங்கள பௌத்தரின் சாவுச் சடங்கில் பிக்குகள் ஓத, உறவினர் கிண்ணத்தில் நீர் வழிய வார்க்கின்றனர். ஜப்பானில் 1985இல் தொடங்கிய விகாரா இயக்கம் இறுதிக்கால நோயாளிகளைப் பேணி வருகிறது.