சுக்கானும் சிறகும்

கப்பலைத் திருப்பும் பலகைக்குச் சுக்கான் என்று பெயர். அரபு மாலுமிகளின் மொழியிலிருந்து நம் கடற்கரைக்கு வந்து, தமிழாகவே நிலைத்துவிட்ட சொல் அது. விமானத்தின் வாலில் செங்குத்தாக நின்று இடமும் வலமும் அசையும் பலகையையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நான் மொழிபெயர்த்த சிறு கையேடு ஒன்றில், ‘கப்பலைப் போலவே விமானமும் சுக்கானால் திரும்புகிறது’ என்று எழுதியிருந்தேன். ‘கப்பலைப் போலவே’ என்பது மூலத்தில் இல்லை. விளக்கமாக இருக்கட்டுமென்று நானே சேர்த்தது. என்.சி.சி. விமானப் பிரிவில் பயின்ற அண்டை வீட்டு இளைஞன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். “மாமா, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன்” என்றான்.

அவன் கொண்டுவந்தது வானொலி அலையால் ஆளப்படும் மாதிரிக் கிளைடர். இயந்திரமின்றிக் காற்றில் சறுக்கிச் செல்வது. கைப்பெட்டியிலிருந்த குச்சியை அவன் இடப்புறம் தள்ளியதும் கிளைடரின் மூக்கு சற்றே இடம் திரும்பியது. ஆனால், பறக்கும் பாதை மாறவில்லை. ஒரு கணம் கழித்து வலச் சிறகு உயர்ந்தது; இடச் சிறகு தாழ்ந்தது. அதன் பின்னரே பாதை வளைந்தது. அந்த ஒரு கணத்தின் பொருளை உணர மனிதனுக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன.

1804ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸர் ஜார்ஜ் கெய்லி என்பவர் ஒரு மாதிரிக் கிளைடர் செய்தார். நீண்ட கழியின்மேல் பட்டம் ஒன்றைச் சிறகாகப் பொருத்தி, பின்புறத்தில் சிலுவை வடிவான வாலை அமைத்தார். அவ்வாலை வேண்டிய பக்கம் திருப்பி வைக்கலாம். சிறகுகள் நுனி நோக்கிச் சற்றே மேலெழுந்திருந்தால் விமானம் பக்கவாட்டில் நிலைபெறும் என்பதையும் பின்னர் அவர் எழுதினார். இவ்விரண்டு கருத்துக்களும் ஒன்றுசேர்ந்து பயன்தருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

ஜெர்மனியில் ஆட்டோ லிலியென்தால் ஏறத்தாழ 2,000 முறை கிளைடரில் பறந்தவர். தம் உடலை இப்படியும் அப்படியும் சாய்த்தே அவர் அதனைச் செலுத்தினார். 1896 ஆகஸ்டில் வீசிய காற்றுக்கு அந்தச் சாய்வு ஈடுகொடுக்கவில்லை. விழுந்த மறுநாள் உயிர் துறந்தார். அக்காலத்தில் விமானம் செய்ய முனைந்தோரில் பலர், கப்பல் நீரில் திரும்புவதுபோல் விமானமும் தட்டையாகவே காற்றில் திரும்புமென எண்ணியிருந்தனர். நான் செய்த பிழையும் அதுவே.

அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் வேறுவிதமாகச் சிந்தித்தனர். சைக்கிள் வளைவில் சாய்வதுபோல் விமானமும் சாய வேண்டுமென்று கருதி, சிறகின் நுனிகளை முறுக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். ஆனால் 1901ஆம் ஆண்டுக் கிளைடரில் ஒரு விந்தை தோன்றியது. உயர்த்திய சிறகின்மீது காற்றின் தடையும் மிகுந்து, அச்சிறகு பின்தங்கியது; மூக்கு எதிர்ப்புறம் திரும்பியது. இதைத் தடுக்க 1902இல் வாலில் இரண்டு அசையாப் பலகைகளை நிறுத்தினர். அதனால் புதிய தொல்லை பிறந்தது. கிளைடர் ஒரு பக்கமாகச் சரிந்தால், அந்தப் பலகைகள் காற்றை ஏற்று அதனை மேலும் சுழற்றின. தாழ்ந்த சிறகு மணலில் குத்தியது. ‘கிணறு தோண்டுதல்’ என்று சகோதரர்கள் அதற்குப் பெயரிட்டனர்.

அக்டோபர் மாதத்தில் ஓரிரவு, மிகுதியாகக் காப்பி அருந்தியதால் உறக்கம் பிடிக்காமற் கிடந்த ஆர்வில் ரைட்டுக்கு ஒரு யோசனை எழுந்தது: வாற்பலகை அசையட்டும்! மூத்தவர் வில்பர் அதை ஏற்று, சிறகை முறுக்கும் கம்பியுடனேயே அதையும் இணைக்கலாம் என்றார். இரண்டு பலகைகளின் இடத்தில் அசையும் பலகை ஒன்று வந்தது. அம்மாதமே கிளைடர் 622.5 அடி தூரம் பறந்தது. ஆக, அங்கே சுக்கானின் முதற்பணி விமானத்தைத் திருப்புவதன்று. சிறகு திருப்பும்போது மூக்கை நேர்வழியில் வைத்திருப்பதே.

அப்படியானால் மாதிரிக் கிளைடர் சுக்கானால் மட்டுமே திரும்புவது எவ்வாறு? கெய்லி கண்ட மேலெழுந்த சிறகே அதற்குக் காரணம். மூக்கு இடப்புறம் திரும்பிய கணத்தில், எதிர்க்காற்று வலப்புறத்திலிருந்து சற்றுச் சாய்வாக வருகிறது. மேல்நோக்கிய வலச் சிறகு அக்காற்றை அதிகம் ஏற்று உயர்கிறது. உடனே, கிளைடரைத் தூக்கி நிறுத்தும் விசையும் சாய்ந்து, அதன் ஒரு பகுதி இடப்புறம் இழுக்கிறது. திருப்புவது அவ்விழுப்பே. ரைட் சகோதரர்கள் 1902ஆம் ஆண்டுக் கிளைடரின் சிறகுகளைச் சற்றே கீழ்நோக்கித் தாழ்த்தியிருந்தனர். அதில் சுக்கான் மட்டும் இவ்வேலையைச் செய்திராது.

கம்பியின்றித் தொலைவிலிருந்து சுக்கானை அசைக்கும் கலையும் நீரிலேயே தொடங்கியது. 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் சிறு படகு ஒன்றை அவ்வாறு செலுத்திக் காட்டினார். 1937 வாக்கில் அமெரிக்க வானொலி ஆர்வலர்கள் மாதிரி விமானங்களுக்கு அதைக் கொண்டுவந்தனர். பெரிய மாதிரிக் கிளைடர்களை அவ்வாறு பறக்கவிட்டவர்களுள் ஆஸ்திரேலியாவில் பிறந்த ராஸ் ஹல் ஒருவர். மறு ஆண்டே, தம் தொலைக்காட்சிக் கருவியின் மின்சாரம் தாக்கி அவர் மாண்டார்.

பின்னர் நெடுங்காலம் பலருக்கும் வாய்த்தது ஒரே பொத்தான்தான். முறுக்கிய ரப்பர் பட்டையும் ஒரு மின்காந்தமும் சுக்கானை அசைத்தன. பொத்தானை அழுத்தினால் வலம், விட்டால் நடுநிலை, மீண்டும் அழுத்தினால் இடம். அடுத்த முறை எது என்பதை மறந்தவனின் கிளைடர் மரத்தில் போய் நின்றது.

மைதானத்தில் அன்று குச்சியை என் கையில் கொடுத்தான் இளைஞன். கிளைடர் உடனே திரும்பவில்லையென்று பதறி, குச்சியை விடாமல் பிடித்திருந்தேன். சாய்வு மிகுந்தது, மூக்கு தாழ்ந்தது, சுழன்றவாறே கீழே இறங்கியது. “விடுங்கள் மாமா, சிறகு சாய்ந்தவுடன் விட்டுவிட வேண்டும்!” என்று கூவி, குச்சியை வாங்கிக் காப்பாற்றினான். இயந்திரமில்லாத விமானத்துக்கு உயரமே கைமுதல். திரும்பும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது செலவாகிறது என்றும் சொன்னான்.

கையேட்டின் மறுபதிப்பில் என் வாக்கியத்தைத் திருத்தினேன். இப்போது அது இவ்வாறு இருக்கிறது: ‘சுக்கான் மூக்கைத் திருப்புகிறது, சாய்ந்த சிறகே விமானத்தைத் திருப்புகிறது.’