எரிமின் 5

எரிமின் 5 என்பது நிமெட்டாசிபாம் என்ற தூக்க மருந்தின் வணிகப் பெயர். 5 என்பது ஒரு மாத்திரையில் உள்ள மில்லிகிராம் அளவு. வேலியம் என்று பலரும் அறிந்த டயசிபாமைப் போல இதுவும் பென்சோடையசிபைன் குடும்பத்தைச் சேர்ந்தது. கடும் தூக்கமின்மைக்காக இதைத் தயாரித்துவந்த ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் 2015இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மலேசியாவில் அந்தப் பெயர் மட்டும் ஓயவில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் "எரிமின் 5 ரக" மாத்திரைகள் பிடிபட்ட செய்தி அதற்குப் பிறகும் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது. கள்ளச் சந்தையில் இப்பெயரில் விற்கும் மாத்திரைகளில் பெனாசிபாம், எட்டிசோலாம் போன்ற வேறு மருந்துகள் இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. வாங்குபவருக்குத் தான் எதை விழுங்குகிறோம் என்றே தெரியாது.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு மதுவின் கேடு பழைய செய்தி. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். கள்ளுக்குப் பின் வந்த சம்சு என்ற மலிவுச் சாராயம் பல குடும்பங்களைக் குலைத்தது. அந்த அனுபவத்தால் குடி வாடை வந்தாலே வீட்டார் உஷாராகிவிடுவார்கள். மாத்திரைக்கு வாடை இல்லை. அதனாலேயே அது குடியைவிடச் சிறிய தீங்கு என்ற எண்ணம் பரவியது. மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

மூளை நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் காபா. அது தன் ஏற்பியில் வந்து அமர்ந்ததும் ஒரு நுண்வழி திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே போகின்றன, நரம்பணு அடங்குகிறது. நிமெட்டாசிபாம் அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டி, அந்த வழி அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபா இல்லாமல் அதனால் தனியே எதுவும் செய்ய முடியாது. ஆகவே அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. மதுவும் காபாவின் வேலையைக் கூட்டுகிறது, ஆனால் அதோடு நிற்பதில்லை. நரம்பணுக்களைத் தூண்டும் குளூட்டமேட்டை மட்டுப்படுத்துகிறது, எண்டார்பினையும் டோபமினையும் சுரக்கவைக்கிறது. முதல் கோப்பையில் வரும் உற்சாகம் இதனால்தான். புளூமசெனில் என்ற முறிமருந்து மாத்திரை மயக்கத்தைத் தெளியவைக்கும். குடிமயக்கத்தை அது தெளியவைக்காது.

வெளியே தெரியும் அடையாளங்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். சிறுமூளை தளர்வதால் நாக்கு குழறும், நடை தள்ளாடும். பத்துமலையின் 272 படிகளில் இறங்கும்போது அடுத்த படி எவ்வளவு கீழே இருக்கிறது என்று கால் தானாகக் கணிக்கிறதே, அந்தக் கணக்குத்தான் முதலில் தப்பும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் மங்கும். அந்த நிலையில் ஒருவர் பேசுவார், காசு எண்ணிக் கொடுப்பார், மோட்டார் சைக்கிளையும் எடுப்பார். மறுநாள் அதில் ஒன்றும் நினைவில் இராது.

கால அளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் மதுவை அகற்றிவிடும். நிமெட்டாசிபாமின் பாதி உடலை விட்டுப் போகவே ஒரு நாள் வரை ஆகலாம். இரவில் போட்டது காலையில் வேலைக்குப் போகும் வழியிலும் கண்ணை அழுத்தும். 2020இல் மலேசியா, வாகனமோட்டிகளின் இரத்தத்தில் அனுமதிக்கும் மது அளவை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தது. ஆனால் சாலையில் ஊதச் சொல்லும் கருவி மாத்திரையைக் காட்டாது.

இரண்டையும் சேர்த்து எடுப்பதுதான் மிகக் கொடியது. மாத்திரைக்குத் தனியே இருந்த அந்த எல்லை மது சேர்ந்ததும் போய்விடுகிறது. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி அடங்குகிறது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் எழுவதில்லை. குறட்டை விடுகிறார், தூங்கட்டும் என்று விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

தைப்பூச விரதத்துக்காகக் குடியைச் சட்டென நிறுத்துபவர்களை வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவரின் மூளை அந்த அமுக்கத்துக்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். அமுக்கம் நீங்கியதும் அது தறிகெட்டு ஓடும். முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலர் இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவார்கள். அதைப் பேய் என்றோ சாமி என்றோ எண்ணி விபூதி பூசிக் காத்திருந்தால் உயிர் போகலாம். மாலை போடும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது விரதத்துக்கு எந்த வகையிலும் குறைவில்லை. எரிமினைத் திடீரென விட்டாலும் வலிப்பு வரலாம், சிலருக்குச் சில நாள் தள்ளி வரும்.

குடியை விடுபவரின் நடுக்கத்துக்கு மருத்துவமனையில் டயசிபாமே தரப்படுகிறது. மதுவும் இக்குடும்ப மருந்துகளும் மூளையில் எவ்வளவு நெருங்கியவை என்பதை இதிலேயே காணலாம். கூடவே தயமின் ஊசியும் போடுவார்கள், ஏனெனில் நெடுங்காலக் குடி அந்த வைட்டமினைக் குறைத்து மூளையை நிரந்தரமாகக் கெடுக்கும். எரிமினை விடுபவருக்கு அந்தக் குறை பொதுவாக இருப்பதில்லை. அவரை டயசிபாமுக்கு மாற்றி, வாரக்கணக்கில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள்.