பொட்டர்: சைடர்ஸே கடலின் மீன்பிடிப் பாய்மரப் படகு

பொட்டர் என்பது நெதர்லாந்தின் நடுவே இருந்த சைடர்ஸே என்னும் உள்கடலில் மீன் பிடிப்பதற்கென்றே உருவான, தட்டையான அடிப்பகுதி கொண்ட ஓக் மரப் படகு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்தக் கரையோர ஊர்கள் பலவற்றின் பிழைப்பு இதை நம்பியே நடந்தது. 1932இல் கடல் அடைபட்டது. படகுகள் விலைக்கு வந்தன. அந்த விற்பனை அவற்றின் உருவத்தைச் சிதைத்தது, ஆனால் உயிரைக் காத்தது. இன்றும் மிதக்கும் பொட்டர்களில் பல, அன்று யாரோ வாங்கிப் போனதால்தான் விறகாகாமல் தப்பின.

சைடர்ஸே வடகடலிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. நிலத்துக்குள் புகுந்திருந்தது. சராசரி ஆழம் நான்கைந்து மீட்டர்தான்; எங்கும் மணல் திட்டுகள். ஆழமில்லாத நீரில் காற்று எழுந்தால் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து மோதும். அடியில் ஆழமாக நீளும் ஏராக்கட்டை வைத்த படகு அங்கே தரை தட்டிவிடும். அதனால் பொட்டருக்கு ஏரா கிடையாது. 12 முதல் 14 மீட்டர் நீளமும் நான்கு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள படகு, நீருக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் அமிழும். பக்கக்காற்றில் ஒதுங்கிப் போகாமலிருக்க இருபுறமும் ஒவ்வொரு பெரிய பலகை தொங்கும். காற்று மறையும் பக்கத்துப் பலகையை நீரில் இறக்குவார்கள். படகைத் திருப்பினால் அதைத் தூக்கிவிட்டு மற்றதை இறக்குவார்கள்.

முன்பகுதியான அணியம் உயர்ந்து உருண்டிருக்கும், அலையை ஏறி மிதிப்பதற்காக. பின்பகுதியோ நீர்மட்டத்துக்கு அருகே தாழ்ந்திருக்கும், வலையைக் குனிந்து இழுப்பதற்காக. பெரும்பாயின் தலையில் வளைந்த குட்டைக் கழி. முன்பாய் பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் நீளும் அளவுக்குப் பெரியது. ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு. வோலன்டாம் மீனவர்கள் இதே வகையில் இன்னும் பெரிய படகை வைத்திருந்தார்கள். உர்க் தீவினர் வடகடலுக்குப் போகப் பெரிதாகவும் திடமாகவும் கட்டிக்கொண்டார்கள்.

பொட்டரின் நெஞ்சு என்று சொல்லத்தக்கது அதன் நடுவிலுள்ள மீன்தொட்டிதான். படகின் குறுக்கே நீர் புகாத இரண்டு தடுப்புச் சுவர்கள் வைத்து, அவற்றுக்கு இடைப்பட்ட வெளிப்பலகைகளில் நூற்றுக்கணக்கான துளைகளைப் போட்டுவிடுவார்கள். கடல்நீர் தானாக உள்ளே வரும், வெளியே போகும்; படகு ஆட ஆட நீர் புதிதாகிக்கொண்டே இருக்கும். விலாங்கும் தட்டைமீனும் அதில் நாள்கணக்கில் உயிரோடு கிடந்து, துடிக்கத் துடிக்கச் சந்தைக்குப் போய்ச் சேரும். பனிக்கட்டியும் இயந்திரமும் இல்லாத காலத்தில், ஓடும் படகின் வயிற்றிலேயே கடலின் ஒரு துண்டை எடுத்துச் சென்ற இந்த ஏற்பாட்டைக் கட்டியவர்களின் அறிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

வரைபடம் எதுவும் இல்லாமல், கண்ணளவிலும் கையனுபவத்திலும்தான் இவற்றைக் கட்டினார்கள். முதலில் அடிப்பலகைகளைச் சேர்ப்பார்கள். முன்மரமும் பின்மரமும் நடுவார்கள். பிறகு பக்கங்கள் எழும். அணியத்தின் உருட்சிக்கு ஏற்பத் தடித்த ஓக் பலகையை வளைக்க வேண்டும். பலகையின் ஒரு முகத்தைத் தீயில் வாட்டி, மறு முகத்தில் நீர் தெளித்துக்கொண்டே, எடையால் அழுத்தி மெல்ல மெல்ல வளைப்பார்கள். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும்.

வழக்கமாக இரண்டு மூன்று பேர் போவார்கள்: படகுத் தலைவர், ஒரு கூலியாள், பெரும்பாலும் ஒரு சிறுவன். திங்கள் கிளம்பி சனிக்கிழமை திரும்புவது முறை. ஞாயிறு தேவாலயத்துக்கு உரியது. அணியத்துத் தளத்துக்கு அடியில் ஓர் அடுப்பு, படுக்கப் பலகை, அவ்வளவுதான் வீடு. வசந்தத்தில் ஹெர்ரிங், அதன் பின்னே நெத்திலி, கோடையில் விலாங்கு, இவற்றோடு இறாலும் தட்டைமீனும். இரண்டு படகுகள் இணையாக ஓடி நடுவே ஒரு பெரிய மடிவலையை இழுப்பதும் உண்டு. குஞ்சுமீனையும் சேர்த்து வாரிவிடுகிறது என்று அந்த வலைமீது மற்ற மீனவர்களுக்குத் தீராத கோபம் இருந்தது.

பொட்டரின் பாய்கள் செம்பழுப்பு நிறத்தில் இருப்பதைப் பழைய படங்களில் காணலாம். அது அழகுக்காகப் பூசியதல்ல. ஈரத்தில் மக்காமலிருக்கப் பாயையும் வலையையும் பெரிய கொப்பரையில் சாயமேற்றுவார்கள். முன்பு ஓக் மரப்பட்டையைக் கொதிக்க வைத்தார்கள். பின்னர் ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த காசுக்கட்டியைப் பயன்படுத்தினார்கள். நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே பொருள்தான்.

கடலை அடைக்கும் திட்டம் பொறியாளர் கொர்னேலிஸ் லேலியுடையது. 1916 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அதற்கு ஆதரவு திரண்டது, 1918இல் சட்டமானது. மீனவர்களுக்கு உதவித்தொகை தர 1925இல் தனிச் சட்டமும் வந்தது. 1932 மே 28 அன்று 32 கி.மீ. நீள அணையின் கடைசி இடைவெளி மூடப்பட்டது. சைடர்ஸே, ஐசல்மேர் என்னும் ஏரியாயிற்று. சில ஆண்டுகளில் நீர் நன்னீராக மாற, முட்டையிட வந்துகொண்டிருந்த ஹெர்ரிங்கும் நெத்திலியும் இல்லாமல் போயின. விலாங்கை நம்பிச் சிலர் தொழிலைத் தொடர்ந்தார்கள். பிறகு ஏரியே சுருங்கியது: 1957இல் கிழக்கு ஃப்ளேவோலாண்ட் நிலமாக எழுந்தபோது, எல்பர்க், ஹார்டர்வைக் துறைமுகங்களின் எதிரே ஒடுங்கிய நீர்த்தடம் மட்டுமே எஞ்சியது.

வேலையிழந்த படகுகளில் பல கரையோரத்தில் கிடந்து மக்கின. நல்ல நிலையில் இருந்தவற்றை உல்லாசப் பயணத்துக்காக வசதி படைத்தவர்கள் வாங்கினார்கள். சில இங்கிலாந்துக்கும் போயின. வாங்கியவர்கள் முதலில் செய்தது மீன்தொட்டியின் துளைகளை அடைப்பது. அந்த இடத்தில் படுக்கையறை அமைத்தார்கள், தளத்தின்மேல் கூரை எழுப்பினார்கள், இயந்திரம் பொருத்தினார்கள். தலைநிமிர்ந்து நிற்க இடம் கிடைத்தது. தாழ்ந்து ஓடும் அந்தப் படகின் கோடு கெட்டது.

இந்த நிலையை மாற்ற 1968இல் பொட்டர் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. ஸ்பாக்கன்பர்க், ஹைசன், எல்பர்க் போன்ற ஊர்களில் உள்ளூர் மக்கள் படகுகளைத் திரும்ப வாங்கி, கூரையைக் கழற்றி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊரைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் மீண்டும் அணியத்தில் ஏறின: ஸ்பாக்கன்பர்க்குக்கு பி.யு., ஹைசனுக்கு எச்.இசட். என்ஹைசன் நகரின் சைடர்ஸே அருங்காட்சியகமும் இவ்வகைப் படகுகளைக் காத்து வருகிறது.

பொட்டர்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. நூறு ஆண்டு கடந்த படகு என்றால் அதன் பலகைகளில் எத்தனை மூலமரம், எத்தனை மாற்றியவை என்பதை அறிந்தவர்கள் தட்டிப் பார்த்தே வாங்குகிறார்கள். மீன்தொட்டி திறந்திருக்கிறதா, சிமெண்ட் ஊற்றி மூடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மூடிய இடத்தில் ஈரம் தங்கி, உள்ளிருந்தே மரம் இற்றுப்போகும். வாங்கும் விலையைவிட ஆண்டுதோறும் கரையேற்றித் தார் பூசவும், பலகை மாற்றவும், பாய் தைக்கவும் ஆகும் செலவுதான் பெரிது. உப்புநீர் ஓக் மரத்தைக் காக்கும், மழைநீரும் நன்னீரும் அழுகச் செய்யும். அதனால் ஏரியில் மிதக்கும் பொட்டர்களின் தளத்திலும் இடுக்குகளிலும் உரிமையாளர்கள் உப்பைத் தூவிப் பராமரிக்கிறார்கள்.