இந்துமதி கதிரேசன்: தென்னார்க்காடு தந்த நடுக்கள வீராங்கனை

இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்காக ஆடிய நடுக்கள ஆட்டக்காரர். 1994-ஆம் ஆண்டு பிறந்த இவரது சொந்த ஊர் கடலூர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே நாட்டுக்காகவும் ஆடியவர்.

மண்ணின் பின்னணி

செஞ்சியும் அதன் அருகிலுள்ள எங்கள் பனமலையும் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளன. 1993 வரை இவை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதற்கு முன்பும் கடலூர்க் கரைக்கும் செஞ்சிக்கும் தொடர்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய டச்சுக்காரர்களுக்கு இசைவு தந்தவர் செஞ்சி நாயக்கர். 1690-இல் அங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது, அப்போது செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து. புனித டேவிட் கோட்டை என்று பாடநூலில் படிப்பது அதைத்தான்.

கோட்டைகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுவிட்டது. அதே கரையில் பெண் பிள்ளைகள் பந்தை உதைத்து உண்டாக்கிய வரலாறு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சிறுமியர் பலருக்குக் கடலூரில் கால்பந்து கற்றுத் தந்து, படிக்கவும் வைத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரிலிருந்து இந்திய அணி வரை சென்ற வீராங்கனைகள் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இந்துமதி அவர்களுள் ஒருவர்.

நடுக்களம் என்பது என்ன?

கால்பந்து அணியில் பதினொருவர். கோல் காப்பவர், தடுப்பவர், கோல் அடிப்பவர் ஆகியோரின் வேலை பார்த்தவுடன் விளங்கும். நடுக்கள ஆட்டக்காரரின் வேலை அப்படியல்ல. தடுப்பாளர் மீட்ட பந்தை வாங்கி, எதிரணியினர் நெருங்குமுன் திரும்பி, முன்னால் ஓடுபவரின் காலுக்குச் சேர்க்க வேண்டும். பந்து பறிபோனால் அடுத்த நொடியே பின்னால் ஓடி அதை மீட்க வேண்டும். களத்தில் மிக அதிகத் தூரம் ஓடுபவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஆனால் மறுநாள் நாளிதழில் வருவது கோல் அடித்தவரின் பெயர். இந்துமதி இரண்டையும் செய்தார்: பந்தைக் கடத்தினார், தேவையான நேரத்தில் கோலும் அடித்தார்.

வெற்றிகள்

தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி 1991-இல் தொடங்கியது. அதில் நெடுங்காலம் கோலோச்சிய மாநிலம் மணிப்பூர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரையே 2–1 என்ற கணக்கில் வென்று தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் பெற்றது. வெற்றி அணியின் நடுக்களத்தில் ஆடியவர் இந்துமதி.

அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. அவர் ஆடிய மதுரை சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்று வென்றது.

தெற்காசியப் போட்டிகளிலும் அவர் பெயர் நிலைத்தது. சிலிகுரியில் 2017 சனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 3–1 என்று வென்றது. அதில் ஒரு கோல் இந்துமதியுடையது. 2019-இல் நேபாளத்தின் விராட்நகரில் நடந்த அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அந்த ஆண்டும் பட்டம் இந்தியாவுக்கே.

சீருடை இரண்டு

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஆட்டங்கள் நின்றன. இந்துமதி காக்கிச் சீருடையில் சென்னைத் தெருக்களில் பணியில் இருந்தார். செய்தியாளர்கள் இதை வியந்து எழுதினர். வியப்பைவிட இதில் சிந்திக்க வேண்டியது அதிகம். ஆண்களுக்கான இந்திய சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியது. பெண்களுக்கான லீக் 2016-இல்தான் வந்தது. தொடக்க ஆண்டுகளில் அது சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த வருமானத்தை நம்பி ஒரு பெண் ஆண்டு முழுதும் வாழ முடியாது. ஆகவே நாட்டுக்காக ஆடுபவருக்கும் அரசு வேலைதான் ஊன்றுகோல். தமிழ்நாட்டில் காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கென 10 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுவதை மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

கைநழுவிய வாய்ப்பு

2022 சனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. இந்துமதியும் அணியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் ஈரானுடன் 0–0. மூன்று நாள் கழித்துச் சீன தைபேயுடன் ஆட வேண்டிய வேளையில், அணிக்குள் கொரோனா பரவியதால் களமிறங்கப் போதிய வீராங்கனைகள் இல்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. அதோடு 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வழியும் அடைந்தது. சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை என்பது ஒரு வீராங்கனையின் வாழ்வில் மறுபடி வருவது அரிது.

2023-இல் அமிர்தசரசில் அரியானாவை 2–1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது. முதல் பட்டத்துக்கும் இரண்டாம் பட்டத்துக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். ஒரு பயிற்சியாளர், ஒரு மைதானம், ஆட்டத்தை விடாமல் இருக்க ஒரு வேலை. கடலூரில் இவை மூன்றும் ஒருசேரக் கிடைத்தபோது ஒரு சிறுமி இந்திய அணி வரை சென்றாள். செஞ்சி வட்டாரப் பள்ளிகளிலும் பந்தை உதைக்கும் சிறுமியர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதும் இவையே.